ஊதா நிறப் பேனாவும் தமிழ் ஒன்றும்

நகரிப் பக்கத்தில் ஒரு தாசில்தார் அலுவலகத்தில் பணியாற்றிய ஆண்டுகளில் சட்டசபை, நாடாளுமன்றம், பஞ்சாயத்து என்று பல தேர்தல் வேலைகளைப் பார்த்தேன். அவற்றுள் என் மனத்தை விட்டு அகலாதது, சட்டசபைக்கு மேல் இரண்டாம் அவையாக உள்ள ஆந்திர சட்ட மேலவைக்குப் பட்டதாரிகள் மட்டுமே வாக்களிக்கும் பட்டதாரிகள் தொகுதித் தேர்தல்தான். பழைய பிரகாசம், நெல்லூர், சித்தூர் மாவட்டங்கள் மூன்றும் சேர்ந்து ஒரே தொகுதி, ஒரே இடம். அந்த ஓர் இடத்துக்காக எங்கள் அலுவலகத்தில் நடக்கும் வேலை வாக்குப்பதிவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும்.

காரணம், இந்தத் தேர்தலுக்குப் பழைய வாக்காளர் பட்டியல் உதவாது. ஒவ்வொரு முறையும் புதிதாகவே தயாரிக்க வேண்டும். நவம்பர் 1ஆம் தேதியைத் தகுதி நாளாகக் கொண்டு, அதற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பட்டம் பெற்றவர்களும், தொகுதிக்குள் வசிப்பவர்களுமான பட்டதாரிகள் படிவம் 18ஐ நிரப்பி, சான்றொப்பமிட்ட பட்டச் சான்றிதழ் நகலுடன் தர வேண்டும். தனியாக உள்ள ஆசிரியர்கள் தொகுதிக்குப் படிவம் 19. ஆறு ஆண்டுகளுக்கு முன் வாக்களித்தவர், தம் பெயர் இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டு, வாக்குப்பதிவு நாளில் பட்டியலைப் புரட்டிப் பார்த்துத் திரும்பிப் போவார். அந்த முகங்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படிவம் வாங்கும் அந்தச் சில வாரங்களில் விசைத்தறிக் கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நாங்களே நேரில் போயிருக்க வேண்டும். மேசையில் அமர்ந்து வருகிறவர்களிடம் மட்டும் வாங்கியது போதுமான வேலை அல்ல.

எங்கள் பகுதியில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நகரியில் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதி. பிள்ளைகளில் பலர் திருத்தணியிலோ வேலூரிலோ சென்னையிலோ படித்தவர்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் இங்கே செல்லுமா என்று தயங்கியே வருவார்கள். இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டமானாலும் செல்லும், வசிப்பிடம்தான் இங்கே இருக்க வேண்டும் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்தணியிலிருந்து நகரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் தந்தையோடு வந்து படிவம் கொடுத்தார். "எங்க ஊர்ல இப்படி ஒரு ஓட்டே கிடையாதே சார், இவளுக்கு மட்டும் எப்படி?" என்று அந்தப் பெரியவர் வியப்போடு கேட்டார். 1960 வரை திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லை மாற்றத்தில் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1986இல் தமிழ்நாட்டு மேலவை கலைக்கப்பட்டது. ஆந்திரத்திலும் 1985இல் கலைத்தார்கள். ஆனால் 2007இல் மீண்டும் அமைத்தார்கள். 2020இல் கலைக்கக் கோரிச் சட்டசபை நிறைவேற்றிய தீர்மானம் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. இந்த வரலாற்றையெல்லாம் அந்தப் பெரியவரிடம் நான் விளக்கவில்லை. "இங்கே மேலவை இருக்கிறது ஐயா, அதனால் அவருக்கு ஓட்டு இருக்கிறது" என்று மட்டும் சொல்லிப் படிவத்தை வாங்கிக்கொண்டேன்.

2017 மார்ச்சில் நடந்த வாக்குப்பதிவில், வாக்குச்சீட்டையும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவையும் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் இருந்தேன். மற்ற தேர்தல்களில் பொத்தானை அழுத்திப் பழகியவர்களுக்கு இந்த முறை புதிது. சின்னம் கிடையாது. விரும்பும் வேட்பாளரின் பெயருக்கு நேரே 1 என்று எழுத வேண்டும். விருப்பமிருந்தால் மற்றவர்களுக்கு 2, 3 என்று வரிசைப்படி எழுதலாம். நாங்கள் கொடுக்கும் பேனாவைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. கையெழுத்துப் போடக் கூடாது. டிக் போடக் கூடாது. எண்ணைச் சொல்லாக எழுதக் கூடாது. இதைத் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முற்பகலில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். பேனாவை வாங்கிக்கொண்டு, "தம்பி, ஒன்றைத் தமிழ் எண்ணில் எழுதலாமா?" என்று கேட்டார். தமிழ் ஒன்று பார்வைக்குக் 'க' என்ற எழுத்தைப் போலவே இருக்கும். எண்ணுகிறவர்கள் அதை எழுத்தாகக் கருதித் தள்ளிவிடுவார்கள், அல்லது வாக்காளரை அடையாளம் காட்டும் குறி என்று செல்லாததாக்கிவிடுவார்கள் என்று அஞ்சினேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. தலைமை அலுவலர் ஐந்தடி தொலைவில்தான் அமர்ந்திருந்தார், அவரைக் கேட்கவில்லை. "வேண்டாம் ஐயா, எல்லோரும் எழுதுகிற 1 போடுங்கள்" என்று சொன்னேன். "சரி தம்பி" என்றவர் மறைப்புக்குள் போய், சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பேனாவை மறக்காமல் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

அன்று மாலை, பெட்டிக்கு முத்திரையிட்டு வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில் கையேட்டைப் பிரித்துப் படித்தேன். எண்களைச் சர்வதேச வடிவிலோ, ரோமன் வடிவிலோ, இந்திய மொழி ஒன்றில் வழங்கும் வடிவிலோ எழுதலாம் என்று தெளிவாக இருந்தது. பயிற்சி வகுப்பிலும் இது சொல்லப்பட்டிருக்கும். என் காதில் விழவில்லை. அவருடைய வாக்கு வீணாகவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் சட்டம் அவருக்குத் தந்திருந்த உரிமையை, அதைக் காக்கவென்றே அங்கே அமர்த்தப்பட்டிருந்த நான், படிக்காததால் மறுத்துவிட்டேன். பிறகு ஒருநாள் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "அடுத்த தடவை எழுதிக்கிறேன், விடுங்க தம்பி" என்றார். அடுத்த தடவை என்பது ஆறு ஆண்டுகள். அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

2023 மார்ச் 13ஆம் தேதி நடந்த தேர்தலில் எனக்கு வாக்கு எண்ணும் பணி வந்தது. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒன்றாவது ஒருவர் பெற வேண்டும். யாரும் பெறாவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு முன் செல்லாத சீட்டுகளைப் பிரிக்க வேண்டும். பட்டம் பெற்றவர்கள் போட்ட சீட்டுகளில் டிக் குறிகளையும், இருவருக்கு நேரே 1 என்று இருந்ததையும், எண்ணுக்குப் பதிலாகத் தெலுங்கில் 'ஒகடி' என்று சொல்லாகவே எழுதியிருந்ததையும் பார்க்கப் பார்க்க வேதனையாக இருந்தது.

இரவு நெடுநேரம் ஆன பிறகு, எங்கள் மேசையில் ஒரு சீட்டைச் செல்லாதவற்றோடு வைக்கப் போனார்கள். ஒரு பெயருக்கு நேரே சிறிய சுழி போன்ற குறி ஒன்று இருந்தது. ஏதோ கிறுக்கல் என்றார் பக்கத்தில் இருந்த இளைஞர். அவர் தெலுங்கர்தான், ஆனால் தெலுங்கு எண்களை எழுதிப் பழகிய தலைமுறை அல்ல. அது தெலுங்கு ஒன்று. நான் எழுந்து நின்று, அந்தச் சீட்டைத் தேர்தல் அதிகாரியின் பார்வைக்கு அனுப்பும்படி கேட்டேன். நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். கையேட்டில் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே மடித்து வைத்திருந்தேன், பிரித்துக் காட்டினேன். அதிகாரி வந்து, சீட்டை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, விதியை ஒருமுறை படித்து, செல்லும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தச் சீட்டை உரிய வேட்பாளரின் கட்டில் நானே வைத்தேன்.