ஐமா ஹாக்: நாங்க சிரிச்ச பேரு

நம்ம சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கன்னு செயலாளர் மூணாவது தடவை மெசேஜ் போட்டாச்சு, இனிமே தப்பிக்க முடியாது. எல்லாரும் டவர், ஃபுட்பால்னு எழுதுவீங்க, நான் நம்ம டெக்சஸ் யூனிவர்சிட்டியோட ஆஸ்டின் கேம்பஸ் ஹாக் ஆடிட்டோரியத்துல ஆரம்பிக்கறேன்.

அது டெக்சஸ் கவர்னரா இருந்த ஜேம்ஸ் ஹாக் பேர்ல கட்டினது. அவர் பொண்ணு பேரு ஐமா ஹாக்னு ரூம்மேட் சொன்னப்போ அங்கயே நின்னு சிரிச்சோம், சேர்த்துச் சொன்னா இங்கிலீஷ்ல "நான் ஒரு பன்னி"ன்னு வரும்ல. தங்கச்சி பேரு யூரா ஹாக்னு, அதாவது "நீ ஒரு பன்னி"ன்னு, அவன் அடிச்சு விட்டதையும் நம்பிட்டேன். தங்கச்சியே கிடையாது, ஒரு அண்ணன் ரெண்டு தம்பிதான். 1882ல இந்தப் பேரைக் கேள்விப்பட்ட தாத்தா, தடுக்கணும்னு 15 மைல் தாண்டி வந்தாராம், அதுக்குள்ள ஞானஸ்நானமே முடிஞ்சுபோச்சு.

அப்பா 1891ல கவர்னர் ஆனப்போ ஐமாவுக்கு எட்டு வயசு. மாளிகைப் படிக்கட்டுக் கைப்பிடியில பசங்க சறுக்கி விளையாட, ஒரு தம்பி தாடையைக் கிழிச்சுக்க, கவர்னர் அந்தக் கைப்பிடி நடுவுல வரிசையா ஆணி அடிச்சுட்டார்! மனநல ஆஸ்பத்திரிகளைப் பார்க்கப் போறப்போ பொண்ணையும் கூட்டிட்டுப் போவாராம். 1895ல அம்மா தவறிட்டாங்க, 1898ல ஹவாய் போனப்பவும் அப்பா கூட ஐமாதான்.

அப்புறம் குடும்ப நிலத்துல எண்ணெய் கிடைச்சு பணம் கொட்டுச்சு. அந்தச் சமயத்துலயே ஐமா டிப்ரஷன்ல விழுந்து சில வருஷம் ட்ரீட்மென்ட் எடுத்திருக்காங்க. 1940ல நம்ம யூனிவர்சிட்டியிலயே மனநலத்துக்குன்னு ஹாக் ஃபவுண்டேஷன் வந்தது சும்மா இல்ல. 1943ல ஹூஸ்டன் ஸ்கூல் போர்டுக்கு ஜெயிச்சு, ஆணா பெண்ணா, வெள்ளையா கருப்பான்னு பார்த்து டீச்சர் சம்பளம் போடக் கூடாதுன்னு நின்னாங்க, எங்கம்மா டீச்சர்ங்கறதால எனக்கு இதுதான் பெருசாப் பட்டுது. கல்யாணமே பண்ணிக்கல, ஆனா டெக்சஸோட முதல் பெண்மணின்னு அவங்களைத்தான் சொல்லுவாங்க.

பல வருஷம் கழிச்சு அம்மா வந்தப்போ ஹூஸ்டன்ல ஐமாவோட வீடு பேயூ பெண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், 1957லயே மியூசியத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்க அதை. அசேலியா பூத்துத் தள்ளியிருந்துச்சு. பேரோட அர்த்தத்தைச் சொல்லிட்டு அம்மா சிரிப்பாங்கன்னு பார்த்தா, "வராக அவதாரம் இல்லையாடா, இதுக்குப் போயா சிரிச்சீங்க"ன்னு கேட்டுட்டு, பூ நல்லா விழற மாதிரி ஒரு போட்டோ எடுன்னாங்க.