சீருடையைக் கழற்றும் முன்பே போட வேண்டிய மனு

அமெரிக்க ராணுவத்திலிருந்து வெளியே வரப்போகும் நம் ஆட்கள் யாராவது போன் செய்தால், நான் முதலில் கேட்பது "எந்தத் தேதியில வெளியே வர்றே?" என்பதுதான். எங்கே அடிபட்டது, எங்கே வலிக்கிறது என்பதெல்லாம் அப்புறம். முன்னாள் படைவீரர் நலத் துறையிடம், அதாவது எல்லோரும் விஏ என்று சொல்கிற துறையிடம், உடல்பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும்போது காயத்துக்கு இருக்கிற அதே கனம் காலண்டருக்கும் இருக்கிறது.

நான் மாவ்னி திட்டத்தில் சேர்ந்தவன். தமிழ் உட்படப் பல மொழிகள் தெரிந்த, கிரீன் கார்டு கூட இல்லாத ஆட்களை ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. 2009இல் தொடங்கி 2016இல் நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது வண்டிப் பழுது பார்க்கும் வேலை. டீசல் எஞ்சின் சத்தம், தூக்கிச் சுமந்த பாரம், கவச உடையோடு ஓடிய ஓட்டம் எல்லாம் சேர்ந்து முதுகையும் வலது முழங்காலையும் ஒரு வழி பண்ணிவிட்டன. காதுக்குள் ஓயாத ரீங்காரம். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை ஒற்றைத் தலைவலி வந்து இருட்டறையில் சுருண்டு படுக்க வைக்கும்.

இதையெல்லாம் ஒரு க்ளெய்ம் என்று போடலாம் என்றே நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை. "கை கால் போனவங்களுக்குத்தானே அண்ணா அது? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று ஒரு தம்பி அண்மையில் கேட்டான். அப்படி இல்லை. பாதிப்பு எவ்வளவு என்பதை விஏ சதவீதமாகப் போடும், காது ரீங்காரத்துக்கே 10 சதவீதம் உண்டு. 2025ஆம் ஆண்டுக் கணக்கில் 10 சதவீதம் என்றால் மாதம் 175 டாலர் சொச்சம். 100 சதவீதம் என்றால் தனி ஆளுக்கு 3,831 டாலர் சொச்சம். வரி கிடையாது. 0 சதவீதம் என்று ஒரு முடிவும் வரும். பணம் வராது, ஆனால் இந்தப் பாதிப்பு பணியில் வந்ததுதான் என்று அரசு ஒத்துக்கொண்டதாக அர்த்தம். பின்னால் அது மோசமானால் கூட்டிக் கேட்க வேண்டியதுதான். முதலிலிருந்து நிரூபிக்க வேண்டாம்.

என் யூனிட்டில் இருந்த மூத்த சார்ஜெண்ட் ஒருவர்தான் என்னை முதலில் பிடித்து உட்கார வைத்தவர். வெளியே வர ஒரு வருஷத்துக்கு முன்பே டேப் எனப்படும், சிவிலியன் வாழ்க்கைக்கு மாறுவதற்கான வகுப்புகள் தொடங்கிவிடும். அதில் விஏ பற்றியும் ஒரு வகுப்பு இருக்கும். பாதிப் பேர் அதில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் என்னிடம் சொன்னது சுருக்கமாக இதுதான்: வெளியே வரும் தேதிக்கு 180 நாளிலிருந்து 90 நாள் வரை முன்னதாக ஒரு ஜன்னல் திறந்திருக்கும். பிடிடி என்று பெயர். அந்த இடைவெளிக்குள் மனுப் போட்டுவிட்டால், சீருடையில் இருக்கும்போதே மருத்துவப் பரிசோதனை முடிந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆன கையோடு முடிவும் வந்துவிட வாய்ப்பு அதிகம். 90 நாளுக்குக் கீழே போய்விட்டால் இந்த வழி மூடிக்கொள்ளும். சாதாரண மனுவாகப் போடலாம், ஆனால் பரிசோதனையும் முடிவும் பெரும்பாலும் வெளியே வந்த பிறகுதான். ராணுவமே உடல்நிலைக்காக மெடிக்கல் போர்டு வைத்து அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பிடிடி கிடையாது. அவர்களுக்கு விஏ பரிசோதனையும் சேர்ந்தே நடக்கிற வேறு பாதை.

அந்தத் தேதிகளை நான் அன்றைக்கே குறித்துக்கொண்டேன். ஆனால் தேதி மட்டும் போதாது, அதற்குள் கையில் காகிதம் சேர வேண்டும். ராணுவத்தில் வலி என்று சிக் கால், அதாவது யூனிட் மருத்துவரிடம், போனால் கிடைக்கும் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும்: ஐபுப்ரோஃபென் மாத்திரை, நிறையத் தண்ணீர் குடி, சாக்ஸை மாற்று. அதற்குப் பயந்தே பலர் போவதில்லை. போகாவிட்டால் பதிவு இல்லை. விஏ மூன்றைத்தான் பார்க்கிறது: இப்போது ஒரு பாதிப்பு இருக்கிறதா, பணியில் அதற்குக் காரணமான ஒன்று நடந்ததா, இரண்டுக்கும் தொடர்பு உண்டா. தொடர்பு இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வந்தாலே போதும், சந்தேகத்தின் பலன் நமக்கு. ஆனால் அந்தப் பாதியை எட்டவும் ஏதாவது எழுத்தில் இருக்க வேண்டும். ஜன்னல் திறப்பதற்கு முந்தைய மாதங்களில் தலைவலி வந்தபோதெல்லாம் நான் மருத்துவமனைக்குப் போனேன், தேதி போட்டு போனிலும் எழுதி வைத்தேன். இதில் நடிப்பு ஒன்றும் இல்லை. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

மனுப் படிவம் 21-526ஈஇசட். இணையத்திலேயே போடலாம். பிடிடி மனுவோடு பணிக்கால மருத்துவப் பதிவுகளின் நகலும், செப்பரேஷன் ஹெல்த் அசெஸ்மெண்ட் என்ற படிவத்தின் முதல் பகுதியும் போக வேண்டும். அந்தப் படிவத்தில் தலை முதல் கால் வரை நம்மைப் பற்றி நாமே எழுத வேண்டும். நான் இதைத் தனியாகச் செய்யவில்லை. டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளில் அங்கீகாரம் பெற்ற ஆட்கள் இலவசமாகச் செய்து தருவார்கள். எனக்கு உதவியவர் வியட்நாம் காலத்துப் பெரியவர். நான் எழுதிக் கொண்டுபோன "முதுகு கொஞ்சம் வலிக்கும்" என்பதைப் பார்த்துவிட்டு, "குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடிகிறதா? எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது? அதை எழுது" என்றார்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வெளியே வரும் செய்தி எப்படித்தான் கசியுமோ, "100 சதவீதம் வாங்கித் தருகிறோம், கூடுகிற தொகையில் சில மாதப் பங்கு எங்களுக்கு" என்று ஒரு கம்பெனியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. முதல் மனுவைத் தயாரித்துக் கொடுக்க யாரும் கட்டணம் வாங்கக் கூடாது. விஏ அங்கீகாரம் பெற்ற வக்கீலே கூட முதல் முடிவு வந்த பிறகுதான் வாங்கலாம். நான் போனை வைத்துவிட்டேன்.

பிடிடியில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது: மனுப் போட்ட பிறகு 45 நாள் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். எனக்கு டெர்மினல் லீவ், அதாவது வெளியே வரும் தேதிக்கு முன் கடைசியாக எடுக்கிற லீவ், சேர்ந்து கிடந்தது. உடனே கிளம்பி இந்தியாவுக்குப் போய்விடலாம் என்று வீட்டில் திட்டம். ஜன்னல் திறந்ததுமே மனுப் போட்டதால் பரிசோதனைகள் லீவுக்கு முன்பே முடிந்தன, டிக்கெட்டையும் தள்ளிப் போட வேண்டியிருக்கவில்லை. 90ஆவது நாள் வரை இழுத்திருந்தால் இரண்டில் ஒன்று போயிருக்கும்.

சரி, பரிசோதனை. சி அண்ட் பி என்பார்கள். அங்கே வைத்தியம் பார்ப்பதில்லை, அளக்கத்தான் கூப்பிடுகிறார்கள். முழங்காலிலும் முதுகிலும் கோணமானியை வைத்து எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார்கள். முன்பக்கம் குனிவது 60 டிகிரிக்குள் நின்று, ஆனால் 30ஐத் தாண்டினால் கீழ் முதுகுக்கு 20 சதவீதம். பல வருஷமாக "எப்படி இருக்கே?" என்ற கேள்விக்கு "நல்லா இருக்கேன் சார்ஜெண்ட்" என்றே பழகிய உடம்பு, பரிசோதகர் குனியச் சொன்னதும் வலியைத் தாண்டியும் குனியப் பார்க்கும். வலி தொடங்குகிற இடத்தில் நின்று அதை வாயால் சொல்ல வேண்டும் என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். மோசமான நாளில் எப்படி இருக்கும் என்பதும் கேட்கப்பட வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். நான் சொன்னேன். கூட்டிச் சொல்வது தப்பு, குறைத்துச் சொல்வதும் பொய்தான். நம் ஆட்கள் செய்வது பெரும்பாலும் இரண்டாவது.

ஒற்றைத் தலைவலிக்கு எத்தனை முறை, படுக்க வைக்கிற அளவுக்கா என்பதே கணக்கு. சராசரியாக மாதத்துக்கு ஒருமுறை அப்படி வந்தால் 30 சதவீதம். போனில் எழுதி வைத்திருந்த தேதிகள் அங்கேதான் உதவின.

முடிவு வந்தபோது நான் சிவிலியன். தலைவலி 30, முதுகு 20, முழங்கால் 10, காது 10. கூட்டினால் 70 என்று வீட்டில் மகிழ்ந்தார்கள். விஏ அப்படிக் கூட்டாது. முழு ஆரோக்கியத்தை 100 என்று வைத்து, முதல் பாதிப்பைக் கழித்து, மீதியில் அடுத்த பாதிப்பின் சதவீதத்தைக் கழித்துக்கொண்டே போகும். எனக்கு 55 வந்து, அதைப் பத்தின் மடங்காக 60 ஆக்கினார்கள். 30 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு மனைவி, பிள்ளைகளுக்காகக் கூடுதல் தொகை உண்டு. நம் வருமானத்தை நம்பி வாழும் பெற்றோரையும் சேர்க்கலாம். அதற்கு 21பி-509 என்று தனிப் படிவம், பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிற நம் பையன்களில் இது தெரிந்தவர்கள் குறைவு.

இழப்பீடு கணக்கிடப்படும் நாள், நான் டிஸ்சார்ஜ் ஆன மறுநாள். (பணம் அந்த நாளிலிருந்தே ஓடாது, அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து ஓடும், அதற்கடுத்த மாதத் தொடக்கத்தில் வங்கிக்கு வரும்.) பிடிடியைத் தவறவிட்டவர்களும் வெளியே வந்த ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால் இதே மறுநாள் அவர்களுக்கும் கிடைக்கும். என் பழைய ஸ்குவாட் லீடர் அதையும் விட்டார். என்னைவிட மோசமான முதுகு அவருக்கு. சில வருஷம் கழித்துப் போட்டார், முழுதாக ஒத்துக்கொண்டார்கள், ஆனால் மனுப் போட்ட நாளிலிருந்துதான் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்துக்கு ஒரு சென்ட் இல்லை. மனுப் போடக் கடைசித் தேதி என்று எதுவும் கிடையாது. அதனாலேயே ஆட்கள் தள்ளிப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படித் தள்ளிப் போட்டவர்களுக்கு நான் சொல்வது இன்டென்ட் டு ஃபைல். படிவம் 21-0966. போனிலும் சொல்லலாம், இணையத்தில் மனுவைத் தொடங்கினாலே பதிவாகிவிடும். "மனுப் போடப் போகிறேன்" என்று சொன்ன அந்த நாளை விஏ பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு வருஷத்துக்குள் முழு மனுவைக் கொடுத்தால் அந்த நாளிலிருந்தே கணக்கு. ரெக்கார்ட் வரட்டும், டாக்டர் கடிதம் வரட்டும் என்று காத்திருப்பதில் தப்பில்லை, இதைப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

ஈராக், ஆப்கானிஸ்தான் போனவர்களுக்குக் குப்பை எரித்த குழிப் புகையால் வந்த ஆஸ்துமா, சைனஸ் போன்றவற்றை, பணியில் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும் பாக்ட் சட்டம் 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தானது. 2023 ஆகஸ்ட் 14க்குள் மனுவோ இன்டென்ட் டு ஃபைலோ போட்டு, பின்னர் ஒத்துக்கொள்ளப்பட்டவர்களுக்குச் சட்டம் வந்த நாளுக்கே பின்தேதியிட்டுக் கொடுத்தார்கள். அப்புறமும் போடலாம், ஆனால் அந்தப் பின்தேதிச் சலுகை போய்விட்டது.

என் மனுவில் வலது தோளை மட்டும் மறுத்திருந்தார்கள். பரிசோதனை நாளில் தோள் நன்றாக அசைந்தது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே பாதிப்பு இல்லை என்று எழுதிவிட்டார்கள். மறுப்புக் கடிதத்தைப் பார்த்ததும் சண்டைக்குப் போகத் தோன்றும். அதைவிடக் கடிதத்தில் எது இல்லை என்று சொல்லியிருக்கிறார்களோ அதைத் தேடிக் கொடுப்பது நல்லது. மூன்று வழிகள் உண்டு: புதுச் சான்றோடு சப்ளிமெண்டல் க்ளெய்ம், அதே கோப்பை மூத்த அதிகாரி மறுபடி பார்ப்பது, விஏவின் மேல்முறையீட்டு போர்டுக்குப் போவது. முடிவு வந்த ஒரு வருஷத்துக்குள் இதில் ஒன்றைத் தொடங்கினால் பழைய தேதி கெடாது. நான் எம்ஆர்ஐ எடுத்தேன். அதில் தசைநாண் கிழிசல் தெரிந்தது. பணியில் இருந்தபோது தோள் வலிக்குப் போன பதிவு ஏற்கெனவே கோப்பில் இருந்தது, கூட வேலை பார்த்த நண்பன் 21-10210 படிவத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தான். சப்ளிமெண்டல் க்ளெய்மில் தோளுக்கு 10 சதவீதம் ஒத்துக்கொண்டார்கள், டிஸ்சார்ஜ் ஆன மறுநாளிலிருந்தே. அந்த 10ஐ விஏ கணக்கில் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் அதே 60தான். பெரியவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "தோள் மோசமானால் கூட்டிக் கேட்கலாம், கடிதத்தைப் பத்திரமாக வை" என்றார். டிஸ்சார்ஜ் சான்றிதழான டிடி-214 இருக்கிற கோப்பிலேயே வைத்திருக்கிறேன்.