தண்ணீர் நிரம்பும் நேரம்

எங்கள் சபையில் ஞானஸ்நானத் தொட்டி பிரசங்க மேடைக்குக் கீழே இருக்கிறது. மற்ற ஞாயிறுகளில் பலகை போட்டு மூடியிருப்போம். பாடல் குழுவினர் அதன்மேல்தான் நிற்பார்கள். ஞானஸ்நானம் என்றால் சனிக்கிழமை மாலையே பலகைகளை எடுத்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாயைத் திறந்துவிடுவேன். இடுப்பளவு தண்ணீர் ஏற மூன்று மணி நேரமாவது ஆகும். அந்த நேரம் முழுக்கப் படியில் உட்கார்ந்திருப்பது என் இருபத்திரண்டு வருடப் பழக்கம். மறுநாள் தண்ணீரில் இறங்கப்போகிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பேன்.

பாப்டிஸ்ட் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. பெற்றோர் குழந்தையைக் கொண்டுவருவார்கள், கையில் வாங்கி ஜெபித்துப் பிரதிஷ்டை செய்வோம், அவ்வளவுதான். தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடுகிறவருக்கே தண்ணீர். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒரு சின்ன முறை வித்தியாசமாகத் தெரியும். ஒரு போதகனின் வேலை முழுவதையும் தீர்மானிப்பது இதுதான். எந்த வீட்டில் பிறந்தாலும் யாரும் பிறப்பால் விசுவாசி ஆவதில்லை. ஒருவருக்காக இன்னொருவர் ஜெபிக்கலாம், அழலாம். விசுவாசிக்க மட்டும் முடியாது.

எங்கள் மரபின் தொடக்கமே இதில்தான் இருக்கிறது. 1609இல் ஆம்ஸ்டர்டாமில் அகதிகளாக இருந்த ஒரு சின்ன ஆங்கிலேயக் கூட்டம், குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானம் போதாது என்று முடிவு செய்தது. அவர்களின் போதகர் ஜான் ஸ்மித் முதலில் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டு, பிறகு மற்றவர்களுக்குக் கொடுத்தார். அன்று தண்ணீரை ஊற்றினார்களே தவிர, முழுக்கவில்லை. முழுக்கு வழக்கம் லண்டன் சபைகளில் வேரூன்றியது 1640களில்தான். எவ்வளவு தண்ணீர் என்பதற்கு முன்பே, யாருடைய சம்மதம் என்ற கேள்வி தீர்ந்துவிட்டது என்பது என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். அந்தக் கூட்டத்தில் இருந்த தாமஸ் ஹெல்விஸ் 1612வாக்கில் லண்டனுக்குத் திரும்பினார். அரசரும் சாகப்போகிற மனிதர்தான், மனிதரின் ஆத்துமாவின் மேல் அவருக்கு அதிகாரம் இல்லை என்று இங்கிலாந்து அரசர் ஜேம்ஸுக்கே எழுதினார். தன் சபைக்காக மட்டும் அவர் கேட்கவில்லை. யூதரோ, இஸ்லாமியரோ, யாரையும் மத நம்பிக்கைக்காகத் தண்டிக்கக்கூடாது என்றார். நியூகேட் சிறையில் அடைத்தார்கள். அவர் உயிரோடு வெளியே வரவில்லை.

இதையெல்லாம் படித்துத் தேறி வந்தவன்தான், முதல் வருடங்களிலேயே ஒருவரை நெருக்கினேன்.

கதவோரம் கடைசி பெஞ்சில் உட்காரும் பெரியவர் அவர். மனைவி பல வருடமாக அங்கத்தினர். இவர் ஒரு ஞாயிறுகூடத் தவறமாட்டார், ஆனால் அப்பமும் ரசமும் பகிரும் கர்த்தருடைய பந்தி நடக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஆராதனையில், "வருஷக்கணக்கா வாசல்லயே நிக்கிறவங்க இன்னைக்கு உள்ள வாங்க" என்று அவரைப் பார்த்தே பேசினேன். எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. அடுத்த வாரம் அந்த இடம் காலி. இரண்டு வருடம் காலியாகவே இருந்தது.

அந்த இரண்டு வருடமும் அவர் மனைவி தனியாக வந்து போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. கடைசியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் கைக்கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. உங்களை அவசரப்படுத்திட்டேன்."

"உட்காருங்க பாஸ்டர்" என்றார். ஒரு சின்ன திருகாணியைத் தேடித்தரச் சொன்னார். இருவருமாகத் தேடினோம். விசுவாசத்தைப் பற்றி அன்று எதுவும் பேசவில்லை. அடுத்த மாதம் கடைசி பெஞ்சுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, கையில் நாற்காலியோடு வந்து நின்றார்: "பாஸ்டர், எனக்கும் தண்ணி நிரப்புவீங்களா?"

தண்ணீர் என்றால் அவருக்குப் பயம். என் இடது கையை அவர் பிடரியில் கொடுத்து, வலது கையால் அவர் நெஞ்சோடு கூப்பிய கைகளைப் பிடித்திருந்தேன். முழங்காலை மடக்குங்கள் என்று காதோரம் சொன்னேன். பின்னால் சாயும்போது என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார், நகம் பதிந்தது. எழுந்ததும் முகத்தைக்கூடத் துடைக்காமல் முதல் வரிசையில் மனைவியைத் தேடினார். அந்த அம்மா துண்டை மார்போடு அணைத்தபடி எழுந்து நின்றிருந்தார்.

எல்லாக் காத்திருப்பும் இப்படி முடிவதில்லை. ஒரு குடும்பம், பாட்டி கண்ணை மூடுவதற்குள் பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியது. பையனுக்குப் பத்து வயது. தனியாக அழைத்து, "உனக்கு என்ன தோணுதுப்பா?" என்று கேட்டேன். "பாட்டி சந்தோஷப்படுவாங்க" என்றான். நல்ல பிள்ளை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்னால் தண்ணீரில் இறங்க முடியவில்லை. குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நம்புகிறேன். அந்தப் பாட்டியின் முகம் நினைவுக்கு வராத மாதம் இல்லை.

சபையை நடத்துவதிலும் இதே நிலைதான். எங்கள் சபையில் கடைசி வார்த்தை அங்கத்தினர் கூட்டத்துடையது. நான் ஆசையாகக் கொண்டுவந்த திட்டங்கள் கை தூக்கும் நேரத்தில் தோற்றிருக்கின்றன. முதலில் கசந்தது. இப்போது, எனக்கு முகம் கொடுத்து "வேண்டாம்" என்று சொல்ல முடிகிற சபையில்தான், அவர்கள் சொல்லும் "ஆமென்" மேல் எனக்கு நம்பிக்கை வருகிறது.

என் மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. ஒலிபெருக்கி வேலை முழுவதும் அவன் பொறுப்பு. என் பிரசங்கங்களை என்னைவிட அதிகமுறை கேட்டவன் அவன். அவன் இன்னும் ஞானஸ்நானம் கேட்கவில்லை. போதகர் வீட்டுப் பிள்ளை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று பலர் கேட்டுவிட்டார்கள். அவனிடம் நான் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை பலகைகளைத் தூக்க அவன்தான் கூட வந்தான். இரண்டு பேருமாகத் தொட்டியைக் கழுவினோம். தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் போய்விடுவான் என்று நினைத்தேன். படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். நாளைக்கு யார் யார் என்று கேட்டான், பெயர்களைச் சொன்னேன். இரவு ஒன்பதரைக்குத் தண்ணீர் குறியைத் தொட்டது. அவனே எழுந்துபோய்க் குழாயை மூடினான்.