முதல் சந்திப்பிலேயே முடிவு சொல்வதில்லை

"வீடியோ கேம் என்றால் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருகிறான் டாக்டர். புத்தகத்தைத் திறந்தால்தான் ஐந்து நிமிடம் தாங்கவில்லை. இது நோயா, திமிரா?"

மனநல மருத்துவராக நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை, பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும். ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு-மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு உள்ள பிள்ளைக்குக் கவனம் உண்டு. சலிப்பான, பலன் தாமதமாக வருகிற வேலையில் அதைப் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு. விளையாட்டில் ஜெயித்தோமா தோற்றோமா என்பது அடுத்த நொடியே தெரிந்துவிடுகிறது. கணக்கு நோட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. இதைப் பொறுமையாக விளக்கியதும் சில வீடுகளில் அடிப்பது நின்றிருக்கிறது.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் விசாரணைதான் எங்கள் கருவி, அதற்கு நேரம் பிடிக்கும். என் அறையில் பிள்ளை சமர்த்தாக இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன். புது இடம், புது ஆள், எல்லோர் கண்ணும் தன்மேல் என்றால் பல பிள்ளைகள் கொஞ்ச நேரம் அடங்கி இருப்பார்கள். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் நிர்ணயக் கையேட்டின்படி, கவனம் சார்ந்த 9 அறிகுறிகளில் 6, அல்லது துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்த 9-இல் 6, குறைந்தது 6 மாதம் இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது காணப்பட்டு, வாழ்க்கையையும் பாதிக்க வேண்டும்.

அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் கானர்ஸ், வாண்டர்பில்ட் போன்ற படிவங்களைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கொடுப்போம். மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் அதுவே நோய் நிர்ணயம் ஆகாது. ஆசிரியர் படிவத்தின் ஓரத்தில் கையால் எழுதுகிற இரண்டு வரிகள்தான் எனக்கு முக்கியம். வீட்டுப் படிவமும் பள்ளிப் படிவமும் முரண்பட்டால் அங்கேதான் தோண்டிப் பார்ப்பேன். பள்ளியில் மட்டும் பிரச்சினை என்றால் எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமமா, யாராவது சீண்டுகிறார்களா? வீட்டில் மட்டும் என்றால் வீட்டில் என்ன நடக்கிறது?

ஏடிஹெச்டி போலவே தோற்றம் காட்டும் வேறு விஷயங்களும் நிறைய. இரவில் குறட்டை விட்டுத் தூக்கம் கெடும் பிள்ளை பகலில் நிலைகொள்ளாமல் திரியும். காது சரியாகக் கேட்காத பிள்ளை சொன்னதைச் செய்யாது. சில நொடிகள் வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பு, பதற்றம் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். பிறந்த மாதத்தையும் தவறாமல் கேட்பேன். வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி என்ற முடிவு அதிகம் சொல்லப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பதினோரு மாதம் மூத்த பிள்ளையோடு ஒப்பிட்டு இளையதைக் குறை சொல்வது அநியாயம்.

இதற்கு நேர்மாறாக, பெண் பிள்ளைகள் விடுபட்டுப் போகிறார்கள். ஓடவில்லை, கத்தவில்லை, யாருக்கும் தொந்தரவில்லை. அதனால் யாரும் அழைத்து வருவதில்லை. வளர்ந்தபின் மனச்சோர்வு என்று வருகிறார்கள். அப்புறம் பேசப் பேசத்தான் அடியில் இருப்பது தெரிகிறது.

பிள்ளைக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் அப்பாவோ அம்மாவோ சட்டென்று நிறுத்தி, "டாக்டர், இதெல்லாம் எனக்கும் இருக்கே" என்பது வழக்கமாக நடக்கிறது. இரட்டையர் ஆய்வுகளின்படி இதில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம், ஆகவே ஆச்சரியமில்லை. 17 வயது நிரம்பியவர்களுக்கு 9-இல் 5 அறிகுறி போதும். ஆனால் சிறுவயதுச் சான்று வேண்டும். பழைய மதிப்பெண் அட்டை இருந்தால் கொண்டுவரச் சொல்வேன், மூத்த உறவினரிடம் பேசுவேன். ஓட்டம் நின்றிருக்கும்; உள்ளே ஒரு பரபரப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். கெடு தாண்டிய கட்டணங்கள், பாதியில் விட்ட படிப்பு, அடிக்கடி மாறிய வேலை என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். முடிவைச் சொன்னதும் பலர் அழுதுவிடுவார்கள். இத்தனை வருடம் சோம்பேறி என்று ஊரும் சொல்லி, தானும் நம்பிய வலி அது. அந்த அழுகைக்கு நேரம் ஒதுக்காமல் மருந்துச் சீட்டை நீட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

மருந்து பற்றிய பயத்தையும் தட்டிக்கழிக்கக் கூடாது. 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான். அதற்கு மேல், தேவைப்பட்டால் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து, அது ஒத்துக்கொள்ளாவிட்டால் அடோமாக்ஸெட்டின் போன்ற வேறு மருந்துகள். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் ஒவ்வொரு முறையும் குறிக்கிறோம். பிள்ளை மந்தமாகி, சிரிப்பு குறைந்துவிட்டது என்று அம்மா சொன்னால் அளவைக் குறைப்பேன் அல்லது மருந்தை மாற்றுவேன். வகுப்பில் அடங்கி உட்காருவதற்காக ஒரு குழந்தை தன் குணத்தை இழக்க வேண்டியதில்லை.

1999-இல் வெளியான எம்டிஏ என்ற ஏடிஹெச்டி சிகிச்சை ஆய்வு, 579 பிள்ளைகளைச் சிகிச்சை வாரியாகக் குழுக்களாகப் பிரித்து 14 மாதம் பின்தொடர்ந்தது. முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில், கவனமாக அளவிட்டுக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சி மட்டும் தந்ததைவிட நன்றாக வேலை செய்தது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கு இடையே அந்த வித்தியாசம் மங்கிப்போயிருந்தது. ஆகவே ஒருமுறை எழுதிய மருந்தை அப்படியே வருடக்கணக்கில் ஓட்டுவதில்லை. பதின்வயதினர் "எனக்கு இனி வேண்டாம்" என்றால் நான் மறுப்பதில்லை. தேர்வு இல்லாத காலமாகப் பார்த்து, ஆசிரியருக்கும் சொல்லி வைத்து நிறுத்திப் பார்க்கிறோம். சிலர் மருந்தில்லாமலே சமாளித்துக்கொள்கிறார்கள். சிலர் சில வாரங்களில் தாங்களே வந்து, "திரும்ப ஆரம்பிக்கலாம் டாக்டர்" என்கிறார்கள்.