அப்பா பென்ஷன் வந்த ஆண்டு

2014ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், 26 ஆண்டுச் சேவையை முடித்துக்கொண்டு, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்த அப்பா பதான்கோட்டிலிருந்து பென்ஷன் வந்தார். (எங்கள் பக்கத்தில் யாரும் 'ஓய்வுபெற்றார்' என்று சொல்வதில்லை.) அவருக்கு அப்போது வயது 44, எனக்கு 14. படைவீரர்கள் இளம் வயதிலேயே வீடு திரும்புவதால் அவர்களுடைய பிள்ளைகள் பலர் படிப்பின் நடுவில் இடம்பெயர்கிறார்கள். அப்பாவின் அடுத்த வேலையைப் பற்றியே வீடு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் இது யாருக்கும் தோன்றுவதில்லை.

குவார்ட்டர்ஸில் புதிதாக வந்தவர் என்பது ஒரு குறையே அன்று. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எல்லாருக்கும் போஸ்டிங் வரும். அப்பாவின் எண்ணும் பெயரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிகள் லாரியிலிருந்து இறங்கி முடிவதற்குள், பக்கத்து பிளாக் பிள்ளைகள் வந்து எந்த வகுப்பு என்று கேட்டுவிடுவார்கள். வேலூர் மாவட்டத்திலுள்ள சொந்த ஊருக்கு வந்தபோதோ, ஊரில் எல்லாருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் யாரையும் தெரியவில்லை. அத்தையை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டதற்கு ஒரு வாரம் சிரித்தார்கள். கம்மவான்பேட்டையைப் போலப் பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைந்த ஊராக இருந்திருந்தால் என்னைப் போல நாலு பேராவது கிடைத்திருப்பார்கள்.

கேந்திரிய வித்யாலயாவில் ஹிந்தியும் சமஸ்கிருதமும் படித்த நான் இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன். தமிழாசிரியர் என் கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார், பாராட்டுவதற்காக அல்ல. போதாக்குறைக்கு, பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பை எட்டியதும் நாங்கள் தேர்வெழுதிய 2016இல்தான்.

என்னை மீட்டவர் சுபேதார் வீட்டு அக்கா ஒருவர். ராணுவக் கேன்டீனில் அப்பாக்கள் வரிசையில் நிற்க, வெளியே வேப்பமரத்தடியில் அவரைச் சந்தித்தேன். ஜபல்பூரிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்தவர். அடுத்த மாதம் ஒரு நோட்டுப்புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார்: மனப்பாடச் செய்யுள் முழுவதையும் ஹிந்தி எழுத்தில் எழுதி, அதன் கீழே தமிழில் எழுதியிருந்தார். ழகரத்துக்கு ஹிந்தியில் எழுத்துத் தெரியாததால், அந்த இடங்களில் மட்டும் 'ழ'வையே பெரிதாக வரைந்திருந்தார். "முதல்ல இதப் பார்த்துப் படி, அப்புறம் கீழ் வரியப் பாரு" என்றார். ஊரைப் பிடிக்கவில்லை என்று நான் வாய்விட்டுச் சொன்னதும் அவரிடம் மட்டுந்தான். அம்மாவிடம் சொல்லியிருந்தால் அழுதிருப்பார்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பிரதமரின் கல்வி உதவித்தொகையாகத் தொழிற்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாயும் ஆண்களுக்கு 2,500 ரூபாயும் தருகிறார்கள். அப்பாக்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சியும் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். திட்டத்தில் மருத்துவமும் உண்டு. ஆனால் எங்களுக்கு அப்போது தேவைப்பட்டது, அதே வழியில் ஓரிரு ஆண்டு முன்னால் நடந்த இன்னொரு பிள்ளை. ஆலோசகர் ஒருவரை அமர்த்தினாலும் அந்த நோட்டை அவரால் எழுதியிருக்க முடியாது.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பென்ஷன் வந்தவர்கள் பெயரைப் பதிவு செய்கிறார்கள். பெற்றோர் சம்மதித்தால், புதிதாக வந்த பிள்ளையை முன்பே வந்த பிள்ளையோடு சேர்த்துவிட அங்கே ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பிள்ளைகளின் விவரமும் குடும்பத்தின் ஆவணங்களில் ஏற்கெனவே இருக்கிறது.