தாம்பரத்தில் தெருவுக்கு ரோடு வருமுன் கேட்க வேண்டியவை

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. மண்டலங்கள் 5, வார்டுகள் 70. 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது. அன்றிலிருந்து இன்று வரை கவுன்சிலரிடம் போகும் மனுக்களில் பெரும்பாலானவை ஒரே வரிதான்: "எங்கள் தெருவுக்கு ரோடு போட்டுக் கொடுங்கள்." இந்த ஒரு வரி போதாது. எந்த மட்டத்தில், எந்த வேலைக்குப் பிறகு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்படி என்று எழுதாவிட்டால், ரோடு வந்த வருடமே ஐப்பசி மழையில் வாசலுக்குள் தண்ணீர் வரும்.

முதலில் அந்த ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். உள் தெருக்கள் மாநகராட்சியுடையவை. தாம்பரம் - வேளச்சேரி சாலை, முடிச்சூர் சாலை, பல்லாவரம் - குன்றத்தூர் சாலை ஆகியவை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. அவற்றில் பள்ளம் விழுந்தால் கவுன்சிலர் கடிதம்தான் கொடுக்க முடியும், நிதி ஒதுக்க முடியாது. அந்தத் துறைக்கென்றே 'நம்ம சாலை' செயலி இருக்கிறது, படத்தோடு அதில் பதியலாம். பல்லாவரத்தில் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) எல்லைக்குள் இருக்கும் தெருக்கள் கன்டோன்மென்ட் போர்டின் பொறுப்பு. முடிச்சூர் ஊராட்சி மாநகராட்சிக்கு வெளியே இருக்கிறது. மேற்குத் தாம்பரத்துத் தண்ணீர் அடையாற்றை நோக்கித்தான் போக வேண்டும் என்பதால் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே வெள்ளம்; மனு மட்டும் இரண்டு அலுவலகத்துக்கு. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மேஜை மேஜையாகச் சுற்றுவதிலேயே ஒரு மழைக்காலம் போய்விடும்.

அடுத்தது வேலைகளின் வரிசை. மண்ணுக்கடியில் போகும் வேலைகள் எல்லாம் முதலில் முடிய வேண்டும்: பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்வாரியக் கேபிள், மழைநீர் வடிகால், கடைசியாக ரோடு. நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். ஒவ்வொன்றுக்கும் நிதி வேறு திட்டத்திலிருந்து வருகிறது, ஒப்பந்ததாரரும் வேறு. நிதியாண்டு முடிவதற்குள் பில் போட வேண்டும் என்ற அவசரத்தில் ரோடு முந்திக்கொள்கிறது, பின்னாலேயே குழாய்க்காரர்கள் வந்து வெட்டுகிறார்கள். ஆகவே மனுவில் ரோடு கேட்பதற்கு முன் ஒரு கேள்வியை எழுத்தில் வையுங்கள்: இந்தத் தெருவில் பாதாளச் சாக்கடை, குடிநீர்ப் பணி எதுவும் அனுமதி பெற்று நிலுவையில் இருக்கிறதா? இருந்தால் ரோட்டைத் தள்ளிப்போடச் சொல்வதுதான் தெருவுக்கு நல்லது. கேட்கக் கசப்பாக இருந்தாலும் பள்ளத்தோடு ஆறு மாதம் பொறுத்துக்கொள்வது மேல்.

இனி மட்டம். புறநகர்த் தெருக்களில் உண்மையான தகராறு இதுதான். பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலேயே 4 செ.மீ. தார்த்தளம் போட்டால், மூன்று முறையில் 12 செ.மீ. ஏறிவிடும். ஒரு படிக்கட்டின் உயரம் ஏறக்குறைய 15 செ.மீ. அதாவது வாசலில் ஒரு படி காணாமல் போகிறது. கேட் தரையில் உரசும். கார் நிறுத்தும் இடம் தொட்டி மாதிரி ஆகும். கடன் வாங்கிக் கட்டிய வீட்டைத் தரைமட்டத்திலிருந்து தூக்க ஜாக்கி வைக்கும் நிலைக்குக் குடும்பங்கள் வருவது இதனால்தான். இது இயற்கைச் சீற்றமல்ல, தவறாகப் போட்ட ரோட்டின் விளைவு.

பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த கனத்துக்கே புதுத்தளம் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். மில்லிங் என்று பேச்சில் சொல்வது அதைத்தான். உங்கள் தெருப் பணிக்கான எஸ்டிமேட்டில் (செலவு மதிப்பீட்டில்) மில்லிங் தனி இனமாக, ஆழத்தோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டிமேட்டில் இல்லாததை ஒப்பந்ததாரர் செய்ய மாட்டார், அவருக்கு அதற்குப் பணமும் கிடையாது. வேலை நடக்கும் நாளில் நின்று சண்டை போடுவதால் பயனில்லை என்பதற்குக் காரணம் இதுவே. எஸ்டிமேட் தயாராகும் கட்டத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வேலை தொடங்குமுன் நான்கைந்து வீடுகளின் கேட் தூணில் ரோட்டிலிருந்து சரியாக 50 செ.மீ. உயரத்தில் பெயின்ட் கோடு போட்டு, டேப்போடு படம் எடுத்து வையுங்கள். முடிந்தபின் அளந்தால் எவ்வளவு ஏறியது என்பதில் வாக்குவாதத்துக்கே இடமில்லை.

தார் போடும் நாளில் கவனிக்க வேண்டியது சில. சுரண்டிய தூசியைக் கூட்டிப் பெருக்கி, முடிந்தால் காற்றடித்து அகற்ற வேண்டும். பிறகு எமல்ஷன் (தாரும் நீரும் கலந்த திரவம்) தெளிப்பார்கள், சதுர மீட்டருக்குச் சுமார் 200 முதல் 300 கிராம். தெளித்தவுடன் பழுப்பாக இருக்கும், நீர் பிரிந்ததும் கறுப்பாகும். கறுப்பான பிறகே கலவை கொட்ட வேண்டும். அவசரத்தில் பழுப்பாக இருக்கும்போதே கொட்டினால் மேல்தளம் கீழ்த்தளத்தோடு ஒட்டாது, முதல் மழைக்கே அப்பளம் மாதிரி பெயரும். கலவை விரிக்கும்போது வெப்பம் 140 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, ரோலர் வேலை 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் முடிய வேண்டும். இது வி.ஜி. 30 என்ற தார் வகைக்கான அளவு. ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோட்டு நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்ற லாரியில் கலவை ஆறிப்போய்க் கட்டிதட்டியிருக்கும். பொறியாளரிடம் தெர்மாமீட்டர் இருக்கும், காட்டச் சொல்லிக் கேளுங்கள். மழை தூறும்போது தார் போட்டால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

குறுகிய சந்துகளில் சிமென்ட் ரோடு. அதற்கு ஈரப்பதம்தான் உயிர்: குறைந்தது 14 நாள் சாக்கு போட்டோ பாத்தி கட்டியோ நனைக்க வேண்டும். தெருக்காரர்களே தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் ரோடு உழைக்கிறது.

வடிகாலுக்கு வருவோம். ரோட்டின் நடு உயர்ந்து ஓரங்கள் தாழ வேண்டும். 6 மீட்டர் அகல ரோட்டில் நடுவுக்கும் ஓரத்துக்கும் 6 முதல் 7.5 செ.மீ. வித்தியாசம் வேண்டும். இரண்டு பேர் நூல் பிடித்தால் தெரிந்துவிடும். வடிகால் சுவரில் விடும் துளை ரோட்டு ஓரத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். பல தெருக்களில் வடிகாலை ஒரு ஒப்பந்ததாரர் கட்டுகிறார், ரோட்டை இன்னொருவர் போடுகிறார், துளை ரோட்டுக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. தெருவில் தண்ணீர் நிற்க, பக்கத்திலேயே வடிகால் காலியாகக் கிடக்கும். வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் கேளுங்கள். சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் போகிறது. உங்கள் தெரு வடிகாலில் யாராவது கழிவுநீரை இணைத்தால் அது இந்த வரிசை முழுவதும் போய்ச் சேரும்.

அரசியல் எங்கே இருக்கிறது? கவுன்சிலர் எஸ்டிமேட்டில் கையெழுத்திடுவதில்லை. மதிப்பீடு பொறியாளருடையது, நிர்வாகப் பொறுப்பு ஆணையருடையது. வார்டில் எந்தத் தெரு முதலில் என்ற வரிசையை வலியுறுத்துவதும், மன்றத்தில் கேள்வி எழுப்புவதும்தான் கவுன்சிலரின் பலம். அந்த வரிசையில் செல்வாக்குள்ள தெரு முன்னே வருவதைத் தடுக்கும் ஒரே பொதுமேடை ஏரியா சபை, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம். 2022 நவம்பர் 1 அன்று மாநிலம் முழுவதும் இவை கூடியபோது முதல்வர் ஸ்டாலின் பம்மலில் நடந்த கூட்டத்தில்தான் கலந்துகொண்டார். கூட்டத்தில் வாயால் சொல்வது காற்றோடு போகும். தெருப்பெயர், நீளம், அகலம், நிலுவைப் பணிகள், மில்லிங் கோரிக்கை ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். தெருவில் வாடகைக்கு இருப்பவர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள்; அவர்களும் அதே தண்ணீரில்தான் நடக்கிறார்கள்.

டெண்டர் விளம்பரத்துக்கும் கணக்கு உண்டு. 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேலே 30 நாள் அவகாசம் தர வேண்டும். அரசின் டெண்டர் இணையதளத்தில் வார்டு எண்ணையோ தெருப்பெயரையோ போட்டுத் தேடினால் உங்கள் பணி இருக்கிறதா என்று தெரியும்.

வேலை முடிந்தபின் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம், கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். "ரோடு ஏன் மோசம்?" என்று கேட்டால் பதில் வராது. எஸ்டிமேட் நகல், வேலை உத்தரவு, செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தில் உங்கள் தெருவுக்கான பக்கங்கள், பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எதுவரை என்று ஆவணங்களாகக் கேளுங்கள். பணியை நேரில் ஆய்வு செய்யவும், சான்றளித்த மாதிரி எடுக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது, அதிகம் பேர் இதைப் பயன்படுத்துவதில்லை. அளவுப் புத்தகத்தில் எழுதிய நீள அகலத்தை டேப் பிடித்துச் சரிபாருங்கள்.

பிறகு வருவது ரோடு வெட்டு. புதிய இணைப்புக்காக வெட்டிய பள்ளத்தைத் தோண்டிய களிமண்ணாலேயே மூடினால் மழையில் அமுங்கும். 15 முதல் 20 செ.மீ. அடுக்காக ஜல்லித்தூளோ மணலோ போட்டு, நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். ரோட்டைச் சீர் செய்வதற்கான கட்டணத்தை இணைப்பு வாங்கியவர் ஏற்கெனவே மாநகராட்சியில் கட்டியிருப்பார். அந்த ரசீது எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் எழுதினால், "நிதி இல்லை" என்ற பதிலை யாரும் சொல்ல முடியாது.