ஏழு நாள் கெடு

பகலில் குமுளியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன். பச்சைக் காயை உலர்த்திக் கொடுக்கும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் பெயர். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகும். யாருடைய காய் எவ்வளவு வந்தது, எவ்வளவாகக் குறைந்தது என்று எழுதி வைப்பது என் பிழைப்பு.

2018இலிருந்து இரண்டு ஆண்டுகள் இரவு ஒன்பது மணிக்கு மேல் எனக்கு வேறொரு வேலையும் இருந்தது. ஸ்டீமிட் என்ற இணையதளத்தில் புதிதாக எழுத வருகிற தமிழர்களைத் தேடிப் படிப்பது, தேறுவதற்கு ஓட்டுப் போடுவது, நாலு பேர் கண்ணில் படும்படி செய்வது. சம்பளம் கிடையாது. ஓட்டுப் போட்டவருக்கும் வருமானத்தில் ஒரு பங்கு உண்டு என்பதால் கைக்காசும் போகாது.

அந்த இடத்தின் கணக்கு எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. எழுதியதற்கு ஓட்டு விழுந்தால் பணம். ஆனால் ஏழு நாள்தான் கெடு. எட்டாம் நாள் உலகமே திரண்டு வந்து பாராட்டினாலும் ஒரு காசு சேராது. சேர்ந்த தொகை 0.02 டாலரைத் தொடவில்லை என்றால் அதுவும் இல்லை. எல்லோர் ஓட்டும் ஒன்றல்ல. அந்தத் தளத்தில் அவரவர் கையில் இருக்கும் பங்கின் அளவுதான் ஓட்டின் எடை. ஒரு முழு ஓட்டுப் போட்டால் பலத்தில் 2 சதவீதம் கரையும், ஒரு நாளில் 20 சதவீதம் ஊறிவரும். கிணறு மாதிரி. நாளுக்குப் பத்து வாளி. அதற்கு மேல் இறைத்தால் சேறுதான்.

பெரும் பங்குக்காரர்களை அங்கே திமிங்கலம் என்பார்கள். புதியவர் பொடிமீன். எங்கள் குழுவில் வைகைப் பக்கத்து ஆட்கள் அதிகம் என்பதால் அயிரை என்றே சொல்லிக்கொள்வோம். ஒரு திமிங்கலம் இரவல் கொடுத்திருந்த பலத்தை வைத்துக்கொண்டு, எட்டுப் பேர் முறைபோட்டு ஓட்டுப் போட்டோம். இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காருவது போன்ற மிதப்பு எனக்கு அப்போது இருந்தது. மறைக்க வேண்டியதில்லை.

முதலில் கண்டெடுத்தவர் ஒரு வாத்தியார். வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ‘சிந்தனைச் சிதறல்கள் - 3’ என்ற தலைப்பில் ஒன்று எழுதியிருந்தார். முதல் பத்துப் பத்தி கல்வியின் மேன்மை. பதினோராவதில் வந்தது விஷயம். மழைக்காலத்தில் லயத்து வீடுகளில் பிள்ளைகளின் நோட்டு நனைந்துவிடும். தாய்மார் அடுப்புக்கு மேலே பரணில் வைத்து உலர்த்தி அனுப்புவார்கள். திருத்த எடுத்தால் நாற்பது நோட்டிலும் புகை வாசம். ஆனி, ஆடி முழுக்கத் தன் வேட்டியிலும் அந்த வாசம்தான் என்று எழுதியிருந்தார். விழுந்திருந்த ஓட்டு மூன்று. வருமானம் 0.00.

தொலைபேசியில் பிடித்து, “சார், முதல் பத்துப் பத்தியையும் எடுத்துவிடுங்கள். புகை நோட்டு என்று தலைப்பு வையுங்கள்” என்றேன்.

“பாயிரம் இல்லாமல் நூலா, தம்பி?” என்றார். நான்கு நாள் பேசவில்லை. பிறகு ஒன்பது பத்தியை வெட்டினார். ஒன்றை விடவே மாட்டேன் என்றுவிட்டார். இருக்கட்டும் என்று நானும் விட்டேன்.

குறிச்சொற்களையும் அவருக்கு நான்தான் போட்டுக் கொடுத்தேன். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குவார்கள். ‘life’ என்று போட்டால் கடலில் கரைத்த பெருங்காயம். ‘tamil’ என்று முதலில் போட்டால் தேடி வருகிற பத்துப் பேராவது பார்ப்பார்கள். படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டக்கூடாது, மங்கலாக இருந்தாலும் நம் போனில் எடுத்ததாக இருக்க வேண்டும். பத்திரிகைக் கட்டுரையை அப்படியே அடித்துப் போடுகிற ஆட்களும் வந்தார்கள். அவர்களோடு மல்லுக்கட்டியதைச் சொல்லப் போனால் பொழுது போதாது.

நான் கெடுத்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் ஜீப் ஓட்டுநர். விடியற்காலையில் கம்பம், கூடலூர்ப் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு இறங்குவார். முதலில் எழுதியது ஒன்பதே வரி. “நான் ஆள் எண்ணுவதில்லை. பின்னால் இருக்கிற தூக்குசட்டியை எண்ணுவேன். ஒரு சட்டி குறைந்தால் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். யார் என்று நான் கேட்கமாட்டேன். அவர்களே சொல்வார்கள்.” படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைய பத்து வாளியில் ஒன்றை முழுதாக ஊற்றினேன். குழுவில் மற்றவர்களையும் உசுப்பினேன். காலையில் ஒன்பது வரிக்கு ஒன்பது டாலர் சேர்ந்திருந்தது. மலையடிவாரத்திலிருந்து கூப்பிட்டு, “அண்ணே, வரிக்கு ஒரு டாலரா?” என்று கேட்டார். நானும் சிரித்தேன். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் நான்கு பதிவுகள். அடுத்த நாள் ஐந்து. ஸ்டியரிங் படம், மேகப் படம், டீக்கடைப் படம். ஒவ்வொன்றின் அடியிலும் ‘ஆதரவு தாருங்கள்’. மற்றவர் எழுதியதை அவர் ஒரு வரி படிக்கவில்லை. படிக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஓட்டுதான் எல்லாம் என்று காட்டியவனே நான்தானே. குழுவில் முணுமுணுப்பு எழுந்தது, ஓட்டை நிறுத்தினோம். 0.00 திரும்பி வந்தது. தன் மேல் எனக்கு ஏதோ கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஓட்டை விலைக்கு விற்கும் பாட்கள், அதாவது தானியங்கிக் கணக்குகள், அப்போது மலிந்து கிடந்தன. இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிக்கலாம் என்று இருந்ததை அவற்றுக்கு அனுப்பினார். இறாலும் போயிற்று. ஒரு மாதத்தில் ஆளையே காணோம்.

ஏலக்காய் ஏலம் நடக்கும் நாட்களில் முதலாளியோடு புத்தடிக்கோ போடிக்கோ போவதுண்டு. இப்போது எல்லாம் கணினி ஏலம். எண்கள் திரையில் ஓடும், விலை ஏறும். ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு குவியலின் மாதிரியும் சிறு பொட்டலமாக வியாபாரிகளுக்குப் போய்விடும். அவர்கள் காயை நகத்தால் பிளந்து, உள்ளே அரி, அதாவது விதை, கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முகர்ந்து பார்ப்பார்கள். நானோ ஜீப்காரருக்குத் திரையில் விலையை மட்டும் ஏற்றிவிட்டேன், பொட்டலத்தை ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. இது உறைக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

பிறகு முறையை மாற்றினேன். புதியவருக்கு முழு ஓட்டுக் கிடையாது. கால்வாசி ஓட்டு, வாரம் இரண்டு முறை. அதைவிட முக்கியம், அவருக்கு இரண்டு ஆட்களைப் பிடித்துக் கொடுப்பது. மறையூர்க்காரர் கரும்பு காய்ச்சுவதைப் பற்றி எழுதினால், வெல்ல மண்டி வைத்திருக்கும் ஆளிடம் போய், “இதைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்” என்பேன். பாராட்ட வேண்டாம், கேள்வி கேட்க வேண்டும் என்பது கண்டிப்பு. ‘அருமை’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்களால் யாருக்கும் எந்தப் பயனும் இருந்ததில்லை.

வாத்தியாரையும் இந்த வேலையில் சேர்த்தேன். அவர் கேள்வியோடு ஒற்றுப்பிழைகளையும் வரிசையாகப் பட்டியல் போட்டுவிடுவார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள், அவர் வந்தாரா என்று எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு பெண் வேண்டுமென்றே ஒரு ‘க்’கை விட்டு எழுதுவதாக என்னிடம் ஒப்புக்கொண்டார்.

2019 ஆகஸ்டில் விதி மாறியது. வருமானம் எழுதியவருக்குப் பாதி, ஓட்டுப் போட்டவர்களுக்குப் பாதி. 2020 மார்ச் 20 அன்று கூட்டமே இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி ஹைவ் என்று தனிக்குடித்தனம் போனது. எங்களுக்கு இரவல் கொடுத்தவர் பலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதற்குள் ஊரடங்கு வந்து, எல்லைச் சோதனைச்சாவடியில் ஜீப்புகளே நின்றுவிட்டன. இரவு வேலை அத்தோடு முடிந்தது.

போன வருடம் குமுளி பஸ் நிலையத்தில் ஜீப்காரரைப் பார்த்தேன். அவரே வந்து பேசினார். கணக்கின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஜீப்பின் முகப்பில் செருகி வைத்திருந்தாராம், மழையில் கூழாகிவிட்டது. அங்கே சாவி தொலைந்தால் எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது.

“அந்த வாத்தியார் இன்னும் இருக்கிறாரா, அண்ணே? கெடு முடிந்து ரொம்ப நாள் கழித்து என்னுடைய முதல் பதிவில் எழுதியிருந்தார். தூக்குச்சட்டிக்கு ‘ச்’ போட வேண்டும் என்று. அப்புறம், சட்டி குறைந்த அன்று அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதா என்று கேட்டிருந்தார்.”

“பதில் எழுதினீர்களா?”

“சாவி போய்விட்டதே.”

வாத்தியாரின் எண்ணைச் சொன்னேன். டீசல் பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.